கடல் ஒன்று, அலை உள்பட

என்னிடம் ஒரு கடல் இருக்கிறது. அலையோடு சேர்த்து முறைப்படி ஜப்தி செய்த கடல். போன செப்டம்பர் பதினான்காம் தேதி பகல் மூன்றரை மணிக்கு, திருவொற்றியூர் தேரடியில் ஒரு சுழல் நாற்காலியில் உட்கார்ந்தபடி, வேட்டி நுனிகூட நனையாமல் அதைக் கைப்பற்றினேன். நம்பாதவர்கள் தாராளமாக வரிசையில் நிற்கலாம். வரிசையின் முதல் ஆள் இதோ எதிர் பெஞ்சில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருக்கிறார்.

கம்ப்யூட்டர் குற்றங்களை விசாரிக்கும் இன்ஸ்பெக்டர் ஜெயக்கொடி அம்மா அவர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில், இரண்டு டீ, ஒரு மசால் வடை தவிர வேறெந்தத் தூண்டுதலும் இல்லாமல், என் கைப்பட எழுதித் தரும் வாக்குமூலம் இது. பெயர் பொன்னுரங்கம். வயது அறுபத்து மூன்று. முப்பத்து நான்கு வருடம் கோர்ட் அமீனாவாக இருந்து ஓய்வு பெற்றவன். எந்தக் கோர்ட் என்று எழுத மாட்டேன், அது ஒரு பாவமும் அறியாது. சம்மன் கொடுப்பது, நோட்டீஸ் ஒட்டுவது, தண்டோரா போடுவது, ஜப்தி செய்வது என் தொழில். ராயபுரத்தில் நான் தெருவுக்குள் நுழைந்தால் அடுப்பில் பொங்கிய பால் அப்படியே அடங்கும். எண்ணூரில் ஒரு லாரி என்னைப் பார்த்ததும் டிரைவர் இல்லாமலே ரிவர்ஸ் எடுத்தது. காசிமேட்டில் ஒரு விசைப்படகை, உள்ளே தூங்கிக்கொண்டிருந்த முதலாளியோடு சேர்த்துப் பட்டியலில் ஏற்றியிருக்கிறேன். அவர் எழுந்ததும் பட்டியலில் ஒரு திருத்தம் போட வேண்டியிருந்தது.

ஓய்வு பெற்றவனுக்கு ஏ.சி. எங்கே கிடைக்கும். தேரடியில் ஆன்றோவின் பிரவுசிங் சென்டரில் கிடைத்தது. ஆன்றோ நாகர்கோவில் பக்கத்துக்காரர். அப்பா மளிகை மொத்த வியாபாரம் செய்த கடையில் பருப்பு மூட்டைகளை நகர்த்திவிட்டு ஆறு கம்ப்யூட்டர் போட்டிருந்தார். இன்றும் அங்கே இமெயில் திறந்தால் கொத்தமல்லி வாசனை அடிக்கும்.

ஞாயிறுதோறும் நான்கு மணிக்கு அங்கே கெங்கம்மா வருவார். மணலி புதுநகரிலிருந்து பஸ் பிடித்து வருவார். அவர் மகள் மகிழினி சிங்கப்பூரில் ஒரு கட்டடக் கம்பெனியில் வரைபடம் போடுகிற பெண். கம்ப்யூட்டருக்குள் 'நியூஷோர்' என்று ஓர் உலகம் இருக்கிறது. அதில் ஆளுக்கொரு பொம்மை உருவம். நிலம் வாங்கலாம், வீடு கட்டலாம், பக்கத்து வீட்டுக்காரனோடு சண்டை போடலாம். மகிழினி அங்கே ஒரு துண்டு நிலம் பிடித்து, தாங்கள் இருந்த பழைய குப்பத்து வீட்டை அப்படியே கட்டியிருந்தாள். நீலக் கதவு, மூன்று படி, கோழிக் கூண்டு. ஐப்பசி அலை எதுவரை ஏறியது என்று அவள் அப்பா வேலப்பன் வருடா வருடம் படியில் கரித்துண்டால் போட்ட கோடுகளைக்கூட அவள் விடவில்லை. நிஜ வீட்டை 1998இல் நிஜக் கடல் கொண்டுபோய்விட்டது. மாற்று இடத்துக்குப் போன வேலப்பன், அலைச் சத்தம் இல்லாமல் கண் மூட முடியவில்லை என்று சொல்லிச் சொல்லி, மறு வருடம் கண் மூடிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தாயும் மகளும் அந்தப் படியில் பொம்மைகளாக உட்கார்ந்து பேசுவார்கள். கெங்கம்மாவுக்கு மவுஸ் பிடிக்க வராது, பிடித்தால் மீனைச் சாகடிக்கிற பிடி. அதனால் அவருக்காக நான் பிடித்தேன். டைப்பும் அடித்தேன். "சாப்டியாடி" என்பதை எத்தனை விதமாக அடிக்கலாம் என்று என்னைக் கேளுங்கள்.

ஒருநாளும் அவர் எனக்கு நன்றி சொன்னதில்லை. என்னை நம்பியதும் இல்லை. எண்ணூர் லாரிக் கதையைச் சொன்னால், "போய்யா அமீனா, நீ வாயத் தொறந்தா புளுகு, மூடினா கொட்டாவி" என்பார். அதை நான் பாசம் என்று எடுத்துக்கொண்டேன்.

போன ஜூலையில் அந்த வீட்டுக்குப் பக்கத்து நிலத்தை ஒருவர் வாங்கினார். அவர் உருவம் கோட்டு போட்ட நரி. நான் நரித்துரை என்று பெயர் வைத்தேன். ஐரோப்பாவில் எங்கோ பல் டாக்டராம். ஒரு கோட்டை கட்டி, கல்யாணங்களுக்கு விட்டார். கோட்டைக்குக் கடல் பார்வை வேண்டுமென்று சொந்தமாக ஒரு கடல் செய்து விரித்தார். தினம் ஒரு சாண் அகலப்படுத்தினார். ஆகஸ்ட் முதல் ஞாயிறு, கெங்கம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் மூன்றாவது படி ஏறி, கரிக்கோடுகளைத் தாண்டி, நீலக் கதவுக்குள் போனது. கோழிக் கூண்டு மிதந்தது.

கெங்கம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார்.

"ரெண்டாந்தபா பாக்கறதுக்கு என்னால ஆவாது" என்றார். அதன் பிறகு தேரடிப் பக்கம் வரவில்லை.

மகிழினி கம்பெனிக்கு எழுதினாள். குடியிருப்போருக்குள் வரும் தகராறு எங்கள் பொறுப்பல்ல, நிபந்தனைகளில் நாற்பத்தோராம் பத்தியைப் பார்க்கவும் என்று பதில் வந்தது. வக்கீலைக் கேட்டாள். எந்த நாட்டுக் கடல் என்று வக்கீல் கேட்டார். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தை நானே வாங்கிப் படித்தேன். கம்ப்யூட்டருக்குள் வைரஸ் புகுந்தால் பரிகாரம் இருக்கிறது. கம்ப்யூட்டருக்குள் கடல் புகுந்தால் இல்லை.

ஒரு ஊரில் ஜனம் இருக்கிறது, சொத்து இருக்கிறது, தகராறு இருக்கிறது, கோர்ட் மட்டும் இல்லை என்றால், ஒரு பொறுப்புள்ள ஓய்வூதியர் என்ன செய்வார். நான் ஒன்று கட்டினேன்.

ஆன்றோ கட்டித் தந்தார் என்று சொல்வதே சரி. உயரமான மேடை, கயிற்றால் கட்டிய காகிதக் கட்டுகள், சுற்றாத மின்விசிறி. விசிறி சுற்றினால் கோர்ட் போல இருக்காது என்று நான்தான் சொன்னேன். பிறகு நான்கு பெயரில் நான்கு உருவம் எடுத்தேன். ஒன்று முன்சீப். ஒன்று வாதி வக்கீல். ஒன்று, பெயரைக் கூப்பிடும் டவாலி. ஒன்று, என் மனதுக்குப் பிடித்த அமீனா. நான்கு கம்ப்யூட்டருக்கும் நடுவே சுழல் நாற்காலியில் உருண்டேன்.

"என்ன சார் பண்ணுதீங்க" என்று ஆன்றோ தலையில் கை வைத்தார். "நாலு சிஸ்டத்துலயும் நீங்களே இருந்தா, வர்ற கஸ்டமர் எங்க இருப்பான்?"

"பார்வையாளர் பெஞ்சில" என்றேன்.

பாரபட்சம் இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. வக்கீலாக ஒரு வாய்தா கேட்டேன், முன்சீப்பாக மறுத்துவிட்டேன். குரலை உயர்த்தியதற்காக என்னை நானே இரண்டு முறை கண்டித்தேன். மூன்றாவது முறை மன்னிப்புக் கேட்டேன், ஏற்றுக்கொண்டேன். முதல் நாளே இடைக்காலத் தடை கிடைத்தது. தண்ணீர் முதல் படிக்குக் கீழே நிற்க வேண்டும் என்பது உத்தரவு.

உத்தரவு எழுதுவது யாராலும் ஆகும். கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் சட்டம் இருக்கிறது. அமீனா உருவத்தை எடுத்துக்கொண்டு கோட்டைக்குப் போனேன். வாசல் கதவில் சம்மன் ஒட்டினேன். பின் கதவில் ஒட்டினேன். ஜன்னல், கொடிமரம், குதிரை, எல்லாவற்றிலும் ஒட்டினேன். கடல் மேலும் ஒட்டினேன், மிதந்தது. ஒரு பிஸ்கட் டின்னைத் தட்டிப் பதிவு செய்து தண்டோரா போட்டேன். இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், என்று நான் ஆரம்பித்ததும் உள்ளே கல்யாணத்துக்கு வந்திருந்த நூறு பொம்மைகளும் அந்தத் தாளத்துக்கு ஆடின. பிரேசில்காரர் ஒருவர் அதை மனப்பாடம் செய்து, பார்க்கிறவர்களிடமெல்லாம் 'சகலமானவர்களுக்கும்' என்று வணக்கம் சொல்ல ஆரம்பித்தார். ஒரு வாரத்தில் நியூஷோர் முழுக்கப் பரவியது. இப்போதும் அங்கே அதுதான் வணக்கம். வேண்டுமானால் விசாரித்துப் பாருங்கள்.

நரித்துரை சிரித்தார். இந்தக் காகிதத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்டு எழுதினார். காலை பதினோரு மணிக்குக் கோர்ட்டுக்கு வரவும் என்று பதில் போட்டேன். வேடிக்கை பார்க்கத்தான் வந்தார். அங்கேதான் மாட்டினார்.

பதினோரு மணிக்கு வந்தவரைப் பெஞ்சில் உட்காரச் சொன்னேன். வழக்கை அழைக்கவில்லை. பன்னிரண்டுக்கு எப்போது என்று கேட்டார். அழைப்பார்கள் என்றேன். இரண்டு மணிக்கு முன்சீப் சாப்பிடப் போயிருந்தார், அதாவது நான். நான்கரைக்கு டவாலி போய் அடுத்த வாரம் என்று சொன்னான். அடுத்த வாரம் வந்தார். மத்தியானம் வக்கீலுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. அதற்கடுத்த வாரம் வந்தபோது வழக்குக் கட்டு கிடைக்கவில்லை, தேடிக்கொண்டிருந்தோம். அந்த மனிதர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சுற்றாத மின்விசிறியை ஐந்து மணி நேரம் பார்த்தார். உலகத்தில் எந்தக் கம்பெனியும் தன் நிபந்தனைகளில் எழுதி வைக்காத ஆயுதம் இது. இதைத் தாங்க நம் ஜனத்துக்குப் பல தலைமுறைப் பயிற்சி இருக்கிறது. பல் டாக்டருக்கு மூன்று வாய்தாதான் தாங்கியது.

செப்டம்பர் பதினான்கு, மூன்றரை மணி. கடலை எடுத்துக்கொள்ளுங்கள், என் பெயரை மட்டும் அந்த வழக்குப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று எழுதி, கடலை முழு உரிமையோடு என் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார். முறைப்படி பட்டியல் போட்டேன். 'கடல் ஒன்று, அலை உள்பட. நிறம் நீலம். பழுது இல்லை.' வண்டியில் ஏற்ற முடியாத சொத்தை இருந்த இடத்திலேயே சீல் வைப்பதுதான் வழக்கம். முதல் படிக்குக் கீழே நிறுத்தி, பூட்டி, சிவப்பு சீல் வைத்தேன்.

மறு வாரத்துக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் மனுப் போட்டார்கள். பாதிப் பேருக்குத் தகராறே இல்லை, பெஞ்சில் உட்கார ஆசை.

நரித்துரைக்குப் பல்லில்லாத ஒரு வக்கீல் கிடைத்திருக்க வேண்டும், நிதானமாக மென்றிருக்கிறார். இந்தியக் கோர்ட் அதிகாரி போல நடித்து என் கட்சிக்காரரின் கடலை ஒருவர் அபகரித்துவிட்டார் என்று புகார் புறப்பட்டு, நான்கு ஆபீஸ் சுற்றி, மூன்று மாதம் கழித்து இங்கே வந்து சேர்ந்தது. கடல் என்றதும் முதலில் கடலோரக் காவலுக்கு அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் எல்லையில் மேற்படி கடல் இல்லை என்று அவர்கள் திருப்பிவிட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் அம்மா முதல் கேள்வியிலேயே கெட்டிக்காரர் என்று தெரிந்தது.

"பெரியவரே, அந்தக் கடலை எங்க வச்சிருக்கீங்க?"

"என் பையில இருக்கு மேடம்" என்றேன். நியூஷோரில் அவரவர் சொத்து அவரவர் பைக் கணக்கில்தான் நிற்கும்.

ஏட்டு தாமோதரன் என் மஞ்சள் பையை வாங்கி மேஜையில் கொட்டினார். பென்ஷன் புத்தகம், குடை, அரை பாக்கெட் முறுக்கு.

"கடலைக் காணோம் மேடம்" என்றார். "முறுக்குதான் கீது."

வக்கீல் பதிவு இல்லாமல் வாதாடியதை ஒப்புக்கொள்கிறேன். நீதிபதி போல நடித்ததையும் ஒப்புக்கொள்கிறேன், நன்றாகவே நடித்தேன். எந்தப் பிரிவு வேண்டுமானாலும் போடுங்கள். எனக்கு ஒரே ஒரு விண்ணப்பம். கடலைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் அன்று மாலையே அது நீலக் கதவுக்குள் போகும். ஒவ்வொரு ஞாயிறும் நான்கு மணிக்கு மகிழினி அந்தப் படியில் வந்து உட்காருகிறாள். அம்மா வருவாங்களா என்று கேட்கிறாள். அடுத்த வாரம் என்று நான்கு மாதமாகச் சொல்லி வருகிறேன். வாய்தா கொடுக்க எனக்கே கூச்சமாக இருந்தது அங்கே மட்டும்தான்.

இன்ஸ்பெக்டர் அம்மா நியாயமானவர். இன்று ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் கெங்கம்மாவை வரவழைத்திருக்கிறார்.

"இதப் பாருங்கம்மா" என்றார் அவரிடம். "கடல் உங்க வீட்டுல ஏறினதும் நிஜம், அப்புறம் நின்னதும் நிஜம்னு வாதியா நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா, இது சிவில் தகராறு, கோர்ட்டுக்குப் போங்கன்னு எழுதி ஃபைலை மூடிடுவேன். கடல் இருக்கற இடத்துல இருக்கும். இல்லைன்னா திருட்டுச் சொத்துன்னு அந்த ஆளுக்கே திருப்பணும்."

"கடலு ஏறுச்சு, பாத்தேன்" என்றார் கெங்கம்மா. "நின்னுச்சுன்னு இந்த ஆளு சொல்றான். இவன் சொன்னா நான் நம்பணுமா? இன்னாம்மா நீ, போலீசுகாரி, இவன் புளுகறதப் போயி பேப்பர்ல எழுத வெச்சிகினு கீற. கடலப் புட்ச்சானாம். மொதல்ல ஒரு கொசுவப் புடிக்கச் சொல்லு."

"ஸ்கிரீன்ல காட்டறேன், ஒருதரம் பாத்துடுங்களேன்" என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா.

"மாட்டேன்."

இரண்டு மணி நேரமாக இதுதான் நிலைமை. ஆகவே, அவர் என்னை நம்ப வேண்டும் என்பதற்காக, புகாரில் இல்லாத ஒரு சின்ன விஷயத்தையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

1998 கார்த்திகையில் கெங்கம்மா தெருக்காரர்கள் ஒரு கேஸ் போட்டார்கள். அலையைத் தடுக்கக் கொட்டியிருந்த பாறாங்கற்களை ஒரு காண்ட்ராக்டர் வேறு வேலைக்காக லாரியில் அள்ளிக்கொண்டிருந்தார். அடுத்த விசாரணை வரை ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது என்று தடை உத்தரவு கிடைத்தது. அதைக் காண்ட்ராக்டர் கையில் சேர்க்க வேண்டியது நான். போனேன். அவர் ஆபீஸ் இருந்த தெருமுனை வரை போனேன். அங்கே ஒரு டி.வி. கடை, கண்ணாடிக்குள் கிரிக்கெட். ஐம்பது பந்தில் நாற்பத்தேழு ரன் வேண்டும், கையில் மூன்று விக்கெட். அந்த மேட்ச்சை விட்டு நகர்ந்த இந்தியன் யாரும் இருந்திருக்க முடியாது. ஜெயித்த பிறகு முனையிலிருந்து எட்டிப் பார்த்தேன். ஆபீஸ் கதவு பூட்டியிருந்தது. 'கதவு பூட்டியிருந்தது' என்று எழுதி உத்தரவைத் திருப்பினேன். பூட்டிய கதவில் ஒட்டுவதற்குத் தனி உத்தரவு வாங்க வேண்டும். அதற்குப் பன்னிரண்டு நாள் வாய்தா விழுந்தது. கல்லை எடுத்து முடிக்க ஒன்பது நாள் போதுமாக இருந்தது. பத்தாவது நாள் கடல் வந்தது. பதினொரு வீடு.

அதனால்தான் அந்த நீலக் கதவை ஆன்றோ கடையில் பார்த்ததும் மவுஸை நான் வாங்கிப் பிடித்தேன். குற்ற உணர்ச்சி என்று யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பூட்டிய கதவுக்கு அமீனா பொறுப்பாக முடியாது. வாயால் ஆயிரம் அளந்திருக்கிறேன். முப்பத்து நான்கு வருடத்தில் கோர்ட் காகிதத்தில் மட்டும் ஒரு பொய் எழுதியதில்லை. இத்துடன் வாக்குமூலம் முடிகிறது.

பின்குறிப்பு. முடியவில்லை. மேலே உள்ளதை இன்ஸ்பெக்டர் அம்மா கெங்கம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். அதன் பிறகு நடந்ததையும் சேர்த்து எழுதச் சொல்கிறார், எழுதுகிறேன்.

கடைசி வரி வரைக்கும் கேட்டுவிட்டு, கெங்கம்மா வாசலுக்குப் போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டர் அம்மாவைப் பார்த்துத்தான் பேசினார்.

"கதவு தொறந்துதான்மா கெடந்துச்சு. காயிதம் போய்ச் சேருதான்னு பாக்க நானும் எங்கூட்டுக்காரும் எதுத்தாப்ல பங்க் கடையாண்ட நின்னுகினு இருந்தோம். அந்தக் காண்ட்ராக்டு உள்ள குந்திகினு டீ குட்ச்சிகினு இருந்தான். இந்த ஆளு முனையில கைதட்டிகினு இருந்தாரு. கைதட்டி முட்ச்சிட்டு அப்டியே திரும்பிப் பூட்டாரு. எங்கூட்டுக்காரு ஓடிப் போயி இட்டாறேன்னாரு. நான்தான் வேணாம்னேன். கவருமெண்டு ஆளு, அவருக்குத் தெரியாதான்னேன்."

இன்ஸ்பெக்டர் அம்மா என்னைப் பார்த்தார். ஏட்டு ஃபேனைப் பார்த்தார். அது சுற்றிக்கொண்டிருந்தது.

திறந்திருந்தது. நான் எட்டிப் பார்க்கவில்லை.

இதையும் எழுதி, இன்ஸ்பெக்டர் அம்மா படித்துக் காட்டியதும் கெங்கம்மா நகர்ந்து வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். மணி நாலரை. திரையில் மகிழினியின் பொம்மை படியில் உட்கார்ந்திருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. விரலைத் திரையில் வைத்து வேலப்பனின் கரிக்கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு கீழே இறங்கினார். மூன்றாம் படி, இரண்டாம் படி, முதல் படி. அதற்கும் கீழே தண்ணீர், என் சிவப்பு சீலோடு, அலை அடித்துக்கொண்டு, ஒரு விரற்கடைகூட ஏறாமல் இருந்தது. வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அது ஏறும் என்று காத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

பிறகு கையெழுத்துக்குப் பேனா கேட்டார்.

"நின்னுகினுதான் கீது" என்றார். "எழுதிக்கோம்மா. கடலு நின்னுச்சு."